ஃபேன் சுத்துது... படம் வரலை!

வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? உடனே மெக்கானிக்குக்குப் போன் போடுவதில்லை. பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா, அந்தப் பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா, அரிசியை அளவுக்கு மேல் போட்டுக் கல் இறுகிப் போச்சா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பாதி நாள் அதிலேயே சரியாகிவிடும். மிக்ஸிக்கும் அப்படித்தான், குக்கருக்கும் அப்படித்தான். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் நமக்குக் கை நடுங்கும். "அது நமக்கெல்லாம் புரியாதுப்பா" என்று ஒதுங்கி நின்றுவிடுவோம். என் பையன் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும். ஏதோ கர்ப்பக்கிரகம் மாதிரி! அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

2024 டிசம்பரில் எங்கள் வீட்டில் இரண்டரை நாள் நடந்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ மருமகளோ இப்படி ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டுகிறேன் என்று கிளம்பினால் உதவியாக இருக்கும்.

என் மருமகள் வீட்டு உள் அலங்காரப் படம் செய்கிறவள். வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே ஹால் எப்படி இருக்கும், சமையலறை எப்படி இருக்கும், ஜன்னல் வழியாக வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் போட்டோ எடுத்த மாதிரியே கம்ப்யூட்டரில் செய்து காட்டுவாள். கல்யாணத்துக்கு முன் சென்னையில் அந்த வேலைதான். பேத்தி வயிற்றில் வந்ததும் வேலையை விட்டுவிட்டு இங்கே கும்பகோணத்துக்கு எங்களோடு வந்துவிட்டாள். என் பையனுக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மாதம் இரண்டு தடவை வந்து போவான். பேத்திக்கு அப்போது ஒன்றே கால் வயது. தரையில் எது கிடந்தாலும் நேரே வாய்க்குள்தான்.

பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. "வீட்டிலிருந்தே செஞ்சு கொடு, டிசம்பர் 16 திங்கட்கிழமை ஆரம்பிக்கணும், உன்னால முடியுமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கணுமே! இரண்டு வருஷமாகக் குழந்தை, குளியல், கஞ்சி, தூளி என்று போய்க்கொண்டிருந்த பெண். நான் ஒன்றும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும், தான் கற்றதெல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்கிற ஏக்கம் அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியும்.

அவளிடம் இருந்த பழைய லேப்டாப் அந்த வேலைக்குத் தாங்காது. கடையில் ரெடிமேடாக வாங்கினால் அதே வேகத்துக்கு விலை கூடுதலாம். "பாகம் பாகமா வாங்கி நானே பூட்டிக்கறேன் அத்தை. பின்னாடி ஒண்ணு கெட்டாலும் அதை மட்டும் மாத்திக்கலாம்" என்றாள். அவள் அம்மா போட்ட வளையலில் இரண்டைக் கழற்றிக் கொடுத்து, சேமிப்பையும் சேர்த்து, லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. "கையில கெடக்கறதை வித்து இரும்புப் பெட்டி வாங்கறாளாம்" என்று என் வீட்டுக்காரர் என் காதில்தான் சொன்னார். ஆனால் மெதுவாகச் சொல்லத் தெரியாத மனுஷர். அவள் காதிலும் விழுந்தது.

7ந் தேதி சனிக்கிழமை பையனும் அவளும் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, அட்டைப்பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். பில்லில் ஒரு வரி எழுதியிருந்தது. பழுது எதுவானாலும் ஏழு நாளுக்குள் சொன்னால்தான் மாற்றிக் கொடுப்பார்களாம். அதாவது, வர்ற சனிக்கிழமை வரைக்கும்.

பையன் ஞாயிறன்றே ஓசூர் போய்விட்டான். அவளே செய்தித்தாளை விரித்து, சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பூட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். கைவளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். பட்டு, நைலக்ஸ் வேண்டாம், நூல் புடவையே கட்டிக்கோங்கள் என்றாள். உரசினால் உடம்பில் ஏறும் மின்சாரம் நமக்கு உறைக்காவிட்டாலும் அந்தச் சில்லுகளைக் கெடுத்துவிடுமாம். அதற்காக அடிக்கடி பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டாள்.

உள்ளே அப்படியொன்றும் ஆயிரம் சாமான் இல்லை, சகோதரிகளே. எல்லாவற்றையும் தாங்குகிற பெரிய பலகை ஒன்று. அதற்கு மதர்போர்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தம்தான்! கணக்குப் போடுகிற பிராசசர். கைவேலையை வைத்துக்கொள்ள ரேம் என்கிற இரண்டு பட்டை. படத்துக்கென்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. வேலையைச் சேமித்து வைக்க ஒரு எஸ்.எஸ்.டி. அவ்வளவுதான்.

11ந் தேதி புதன்கிழமை சாயங்காலம், சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டோம். ஃபேன்கள் சுற்றின. நீலமும் ஊதாவுமாகக் கலர் விளக்குகள் எரிந்தன. பேத்தி கை தட்டினாள். திரையில் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வந்து, அதுவும் அணைந்துபோயிற்று. ஒரே கருப்பு!

"என்னம்மா, லைட்டெல்லாம் எரியுது, படத்தைக் காணோம்?" என்றார் அவர்.

மருமகள் பதில் சொல்லவில்லை. அவள் உதடு துடித்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் சமையலறைக்குப் போய்ப் பால் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து வந்தேன். "இந்தா பாரும்மா, சாம்பார் சரியா வரலேன்னா உப்பு, புளி, காரம் மூணையும் ஒரே நேரத்துல மாத்தினா எது கெடுத்துதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒண்ணொண்ணா மாத்து. நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் மூளை.

முதலில் திரையைச் சந்தேகப்பட்டோம். டி.வி. பெட்டிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிறதே எச்.டி.எம்.ஐ. ஒயர், அதே மாதிரி ஒயர்தான் கம்ப்யூட்டருக்கும். அதனால் கம்ப்யூட்டர் ஒயரைக் கழற்றிச் செட்டாப் பாக்ஸில் சொருகினாள். புதுத் திரையில் பளிச்சென்று சீரியல் ஓடியது! ஆக, திரையும் நல்ல திரை, ஒயரும் நல்ல ஒயர். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. பல திரைகளில் இரண்டு மூன்று ஒயர் வாசல் இருக்கும். எந்த வாசலிலிருந்து படம் எடுக்கணும் என்று திரையின் பட்டனை அமுக்கிச் சொல்லணும். அதையும் பார்த்துக்கொண்டோம்.

அடுத்தது, ஒயரை எங்கே சொருகியிருக்கிறோம் என்பது. பெட்டியின் பின்பக்கம் இதற்கு இரண்டு இடம் உண்டு. மேலே மதர்போர்டிலிருந்து வருவது ஒன்று, கீழே கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து வருவது ஒன்று. கார்டு போட்டிருந்தால் கார்டில்தான் சொருகணும். புதிதாகப் பூட்டுகிறவர்கள் நிறைய பேர் மேலே சொருகிவிட்டுப் படம் வரவில்லையே என்று தவிப்பார்களாம். சில பிராசசருக்குள் படம் காட்டும் வசதியே கிடையாது. இன்டெல் பிராசசரில் பெயருக்குக் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த ரகம். அதற்குக் கார்டு இல்லாமல் படமே வராது. எங்களுடையதில் ஒயர் சரியான இடத்தில்தான் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை. இந்த டி.டி.ஆர்.5 ரேம் முதல் தடவை ஸ்விட்ச் போட்டதும் படம் காட்ட நேரமெடுக்கும்" என்றாள். புது ரேமும் போர்டும் ஒன்றுக்கொன்று வேகத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுமாம். அதற்குச் சில நிமிஷம் ஆகும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சரி என்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுசாக இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். ஊஹூம்.

மறுநாள் வியாழக்கிழமை. வெளியே விடாத மழை. பேத்தியைத் தூங்கப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இதில்தான் எனக்கு ஒரு அருமையான விஷயம் தெரிய வந்தது. ஸ்விட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பிராசசர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, படம் காட்டக் கார்டு இருக்கிறதா, கடைசியில் சேமிப்பு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்குமாம். காலையில் எழுந்ததும் நாம் பால் வந்ததா, தண்ணீர் வருகிறதா, காஸ் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இப்போது வருகிற பல போர்டுகளில் இதற்கென்று ஓரத்தில் கடுகளவு நான்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சி.பி.யு., டிரேம், வி.ஜி.ஏ., பூட் என்று பொடி எழுத்து. எந்தக் கட்டத்தில் சோதனை நின்றுவிட்டதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கலர் விளக்கு வெளிச்சத்தில் இது கண்ணில் படாது. என் டார்ச்சும் மூக்குக் கண்ணாடியும் அங்கேதான் உதவின.

எங்கள் போர்டில் முதல் இரண்டு விளக்கும் எரிந்தன. பிராசசர், ரேம். அதாவது சோதனை வாசற்படியிலேயே நின்றுவிட்டது. படம் வராததற்குக் காரணம் திரையோ கார்டோ இல்லை என்று அப்போதே பாதி தெரிந்துவிட்டது.

பிராசசருக்கென்று தனியாக எட்டு முள் கொண்ட கரண்ட் பிளக் ஒன்று போர்டின் மேல் ஓரத்தில் உண்டு. அதைச் சொருக மறந்தால் ஃபேன் எல்லாம் அழகாகச் சுற்றும், படம் மட்டும் வராது. மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றித் திரும்பப் போட்டாள். 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. நோட்டில் எழுதினேன்: எட்டு முள் பிளக், மாற்றமில்லை.

பிறகு ரேம். இரண்டு பட்டையையும் எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவதாக இருக்கும் பள்ளத்தில் போட்டாள். நான்கு பள்ளம் இருக்கும் போர்டுகளில் பெரும்பாலும் அதில்தான் தொடங்கச் சொல்கிறார்கள். ரேம் முழுசாக உள்ளே போக நல்ல அழுத்தம் வேண்டும். பயந்து பயந்து வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். படம் வராத புதுக் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி காணும் காரணம் இதுதானாம். முதல் பட்டையைப் போட்டு, ஸ்விட்ச் போட்டு, பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். இல்லை. அதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டோம். இல்லை. பள்ளத்தை மாற்றினோம். இல்லவே இல்லை. இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் கெட்டிருக்குமா? அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

கார்டையே கழற்றிவிட்டு, ஒயரைப் போர்டில் சொருகிப் பார்த்தாள். அவள் வாங்கிய பிராசசரில் படம் காட்டும் வசதி உள்ளேயே இருந்தது. அதற்கும் கருப்புதான். மத்தியானச் சாப்பாடு மூன்றரை மணிக்கு ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அது ஒரு அதிசயம், குறித்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக, போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் வைத்திருந்து திரும்பப் போடணும், பழைய அமைப்பெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும் என்றாள். அந்தப் பேட்டரியை அவள் மேஜை மேல் வைத்த அந்த நிமிஷம், எழுந்து தளர்நடையாக வந்த பேத்தி கையை நீட்டினாள். நான் 'டப்'பென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் இது வேண்டும்.

சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும் இந்தப் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசு மாதிரி. எடை பார்க்கும் மெஷின், கார் சாவி ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மெழுகுவர்த்தி மாதிரி எரியும் பொம்மை விளக்கு இவற்றிலெல்லாம் இந்த ரகப் பட்டன் பேட்டரிகள் இருக்கின்றன. குழந்தை காசை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இது அப்படியில்லை. உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டதும் அங்கேயே மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே பெரிய புண்ணாகிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இந்தக் கெடுதலைச் செய்யும். விழுங்கியதைப் பெரியவர்கள் பார்க்காவிட்டால் வெறும் எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது என்று சளி பிடித்த மாதிரியே இருக்கும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்கக்கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நேரே எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும். பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவதானால், இரண்டு பக்கமும் செல்லோடேப் சுற்றி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

பேட்டரியைத் திரும்பப் போட்டும் அந்த இரண்டு விளக்கும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை திருக்கார்த்திகை. ஒரு பக்கம் பொரி உருண்டைக்குப் பாகு, இன்னொரு பக்கம் இந்தக் கவலை. மறுநாள் சனிக்கிழமையோடு கடைக்காரர் கொடுத்த ஏழு நாள் முடிகிறது. ராத்திரி ரயிலில் குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மழையில் சென்னைக்குப் போவதா? எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாமல் எதை மாற்றச் சொல்வது? என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு தம்பியைக் கூட்டி வந்துவிட்டார்.

தம்பி ஐந்து நிமிஷம் பார்த்தார். என் மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாள், ஆனால் அவர் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். "சார், போர்டு போயிடுச்சு. வேற போடணும். பதினஞ்சாயிரம் ஆகும். ஏதாவது தப்பா சொருகியிருப்பாங்க சார்."

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, எதை வெச்சு போர்டு போயிடுச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அனுபவம்தாம்மா."

பால் கணக்கு நோட்டை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு பக்கம் முழுக்க என் கோழிக்கிறுக்கல்: என்ன மாற்றினோம், எத்தனை நிமிஷம் காத்திருந்தோம், எந்த விளக்கு எரிந்தது. அவர் படித்தார். பிறகு முதல் தடவையாக மருமகளைப் பார்த்து, "இதெல்லாம் நீங்களேவா பார்த்தீங்க?" என்றார். நியாயமாகச் சொல்லணும், அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. போர்டா பிராசசரா என்று பிரித்துப் பார்க்க, அதே ரகத்தில் நல்ல நிலையில் உள்ள இன்னொன்று கையில் இருந்து மாற்றிப் போட்டுப் பார்க்கணும். அந்தப் புது ரகம் அவரிடம் இல்லை. இல்லாததால் போர்டு என்று சொல்லிவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

அன்று ராத்திரி விளக்கெல்லாம் குளிர்ந்த பிறகு, குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, அவள் பழைய லேப்டாப்போடு உட்கார்ந்தாள். பதினொன்றரை இருக்கும். "அத்தை, முழிச்சிருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. தூங்கினால்தானே முழிக்க!

அவள் கண்டுபிடித்தது இதுதான். அவள் வாங்கிய பிராசசர் ஏ.எம்.டி.யின் ரைசன் 9000 வரிசை. அது 2024 ஆகஸ்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதை உட்கார வைக்கும் ஏ.எம்.5 என்கிற பள்ளமோ 2022லேயே வந்தது. பள்ளம் ஒன்றுதான் என்பதால் பழைய போர்டில் புதுப் பிராசசர் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சின்னப் பாடம் எழுதி வைத்திருக்கிறார்கள். காலைச் சோதனையை நடத்துவதே அதுதான். பிராசசர் பிறப்பதற்கு முன்பே கடையில் வந்து உட்கார்ந்துவிட்ட போர்டின் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வந்து உட்கார்ந்திருப்பது யாரென்றே அதற்குத் தெரியாது! போர்டு தயாரிப்பவர்கள் வெளியிடும் பட்டியலில் அவளுடைய பிராசசர் பெயருக்கு எதிரே, 'குறைந்தது இந்த எண் பயாஸ் வேண்டும்' என்று போட்டிருந்தது. எங்கள் போர்டில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் இருந்த எண் அதைவிடப் பழையது.

"அப்ப எதுவுமே கெடலையா?" என்றேன்.

"கெடலேன்னுதான் தோணுது அத்தை. பாடத்தை மட்டும் மாத்தணும்."

படமே வராத கம்ப்யூட்டரில் எப்படி மாற்றுவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் போர்டு மாதிரி சிலவற்றில் பின்பக்கம் ஒரு சின்ன பட்டனும், அதற்கென்று அடையாளம் போட்ட ஒரு யு.எஸ்.பி. ஓட்டையும் இருக்கும். புதுப் பாடத்தைத் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்தே எடுத்துப் பென்டிரைவில் போட்டு, அதில் சொருகிப் பட்டனை அமுக்கினால் போர்டு தானே படித்துக்கொள்ளும். பிராசசரின் உதவிகூட வேண்டாம். பென்டிரைவை ஃபேட் 32 என்ற முறையில் அழித்துத் தயார் செய்யணும். புத்தகத்தில் சொன்னபடி ஃபைலின் பெயரையும் மாற்றணும். போர்டின் சரியான மாடல் பெயர் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பென்டிரைவ். அதில் என் வீட்டுக்காரர் காரில் கேட்கிற பக்திப் பாட்டெல்லாம் இருந்தது. எழுப்பிக் கேட்டோம். "என் பாட்டு போயிடுமா?" என்றார். லேப்டாப்பில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அழிப்போம் என்று சத்தியம் செய்த பிறகு கொடுத்தார்.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. பாடம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நின்று, நல்ல போர்டும் கெட்டுவிடலாம். அன்றைக்கு இருந்த மழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது? அதனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, இன்வெர்ட்டர் முழுசாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்த லைனில் ஒயரைப் போட்டோம். ஃபிரிட்ஜை அணைத்தேன். குழந்தையை நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மருமகள் பட்டனை அமுக்கி மூன்று எண்ணினாள். பக்கத்தில் ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

எட்டு நிமிஷம். யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லையே தவிர, ஒரு பக்கமும் திருப்பவில்லை. விளக்கு அணைந்தது.

"இப்ப போடவா அத்தை?"

"போடும்மா."

முதல் விளக்கு எரிந்தது. அணைந்தது. இரண்டாவது விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ரேம் பொருத்தம் பார்க்கிறது, நேரமாகும் என்று தெரிந்திருந்தும் என் கை ஜில்லிட்டுப் போயிற்று. நாலாவது நிமிஷம் அதுவும் அணைய, கருப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் வந்தன. பிராசசரின் பெயர், ரேம் 32 ஜிபி என்று எல்லாம் சரியாக. மருமகள் சத்தமே போடவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, பாருங்க, பேர் சொல்லுது" என்றாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். பழைய ஸ்டாக் போர்டாக இருக்கும், கேட்டிருந்தால் நாங்களே மாற்றிக் கொடுத்திருப்போமே என்றார். கேட்கணும் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்! அதனால் நீங்கள் வாங்கப் போனால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த பிராசசருக்கு இந்த போர்டில் இருக்கிற பயாஸ் போதுமா?" புது ஸ்டாக் போர்டுகளின் பெட்டியில், இந்த வரிசை பிராசசருக்குத் தயார் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும் உண்டு. பட்டன் வசதி உள்ள போர்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: என்ன ஆனாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

16ந் தேதி காலை ஒன்பது மணிக்கு அவள் வேலையில் உட்கார்ந்தாள். பதினொன்று வரை பேத்தி என் பொறுப்பு, அப்புறம் அவள் தூங்கும் நேரம், சாயங்காலம் தாத்தா தெருவில் தூக்கிக்கொண்டு போவார் என்று முறை வைத்திருக்கிறோம். முதல் மாதப் பணத்தில் வளையல் மீட்க முடியவில்லை, அது விற்ற வளையல். ஆனால் தாத்தாவுக்கு ஒரு புதுப் பென்டிரைவ் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அந்த ரிப்பேர்த் தம்பி போன் செய்தார். என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "சார், அக்கா இருக்காங்களா? ஒரு கஸ்டமர் புதுசா பூட்டினது, ஃபேன் சுத்துது, படம் வரலை. அந்தப் பென்டிரைவ் விஷயம் கொஞ்சம் கேட்கணும்" என்றாராம்.

அவர் போனை மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் படத்தில் ஏதோ ஜன்னலுக்கு வெயில் போட்டுக்கொண்டிருந்தவள், நாற்காலியைத் திருப்பாமலே கேட்டாள்: "முதல்ல சொல்லுங்க, எந்த விளக்கு எரியுது?"